இருபத்தொன்றாவது முழுக்கு

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் துணி காயப்போட மொட்டை மாடி கிடையாது. சமையலறை சன்னலுக்கு வெளியே சுவரில் குழாய்கள் பதித்திருப்பார்கள். நீளமான மூங்கில் கழியில் துணிகளைக் கோத்து அந்தக் குழாயில் செருகிவிட்டால் கழி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஏழாவது மாடிக் கழியில் பள்ளிச் சீருடை இரண்டு. ஒன்பதாவது மாடியில் கைக்குட்டை அளவுக்குச் சின்னச் சட்டைகள். எங்கள் பதினோராவது மாடிக் கழியில் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கறுப்பு ரப்பர் உடுப்புகள் தொங்கும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, கடலுக்கடியில் முக்குளிக்கப் போகிறவர்கள் போடுவது. ஆறு வருடங்களாக அவற்றை யாரும் போடவில்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பைக்குள்ளேயே கிடந்தால் பூசணம் பூத்துவிடும் என்பதால் எடுத்து அலசிக் காயப்போடுகிறேன். பத்தாவது மாடிச் சீன ஆன்ட்டி லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்டில் டைவிங் ஆ?" என்று கேட்பார். நான் யெஸ் என்று தலையாட்டி வைப்பேன். நோ என்றால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப் பதினோரு மாடி தூரம் போதாது.

நான் கோவில்பட்டிக்காரி. அப்பா அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் ஃபோர்மேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கடலைமிட்டாய், தீப்பெட்டி என்று ஊருக்குப் பெருமைகள் உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. கோடையில் எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். வரிசையில் வைத்த குடத்தை யாராவது ஓர் அங்குலம் நகர்த்திவிட்டால் அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் கேட்கும். என் வீட்டுக்காரருக்குக் கடம்பூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். ஆடு வைத்திருந்த குடும்பம், பிறகு கொஞ்சம் நிலமும் வாங்கிப் பருத்தியும் உளுந்தும் போட்டார்கள். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிற மண், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிற மண். ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய அவர் டிப்ளமோ முடித்து, வெல்டிங் சோதிக்கிற வேலைக்குச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். தொண்ணூற்றாறில் கல்யாணம். தொண்ணூற்றெட்டில் நானும் வந்துவிட்டேன். ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வருகிற படிவங்களில் எல்லாக் கட்டங்களும் சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா, ஆம் என்று போட வேண்டிய இடத்தில் இல்லை என்று போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. பிறர் போட்ட தப்பான டிக்கைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அவருடைய பட்டறையில் கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ச் சோதிக்கிற முக்குளிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் இவருக்கு இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டார். இவர் எனக்கு ஏற்றிவிட்டார். மலேசியாவின் கிழக்குக் கரையில் மெர்சிங் என்ற சிற்றூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து படகில் தியோமான் தீவு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு. முதுகில் காற்று உருளையும் வாயில் ரப்பர் குழாயுமாக முதன்முதலில் பன்னிரண்டு மீட்டர் கீழே போனபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தலைக்கு மேலே தண்ணீர், காலுக்குக் கீழே தண்ணீர். இத்தனையையும் இங்கே கொட்டி வைத்துவிட்டு எங்களை ஏன் ஒரு குடத்துக்காக அடித்துக்கொள்ள வைத்தாய் என்று யாரையோ பிடித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. அது உப்புத் தண்ணீர் என்பது மேலே வந்து வாயைத் துடைத்த பிறகுதான் உறைத்தது. சொன்னபோது அவர் படகே ஆடும்படி சிரித்தார். அந்த நாட்களில் நாங்கள் நிறையச் சிரித்தோம்.

கடலில் இறங்கும் முன் ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்துமா உண்டா, காதில் சீழ் உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, பெண்களுக்கு மட்டும் ஒரு கேள்வி. நீங்கள் கர்ப்பமாக இருக்கக்கூடுமா, அல்லது கர்ப்பமாக முயற்சி செய்கிறீர்களா. ஆம் என்று போட்டால் டாக்டர் கடிதம் இல்லாமல் இறக்க மாட்டார்கள். தண்ணீரின் அழுத்தம் வயிற்றில் இருப்பதை என்ன செய்யும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அதனால் வேண்டாம் என்பது அவர்களுடைய சட்டம். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டோம். யாரிடமும் குறையில்லை என்றார்கள். குறை என்று ஒன்று இருந்திருந்தால் அதோடு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு, பேசி வைத்துக்கொள்ளாமலே ஏற்பட்டது. மாதம் முழுக்கக் காத்திருப்போம். நாள் தள்ளிப்போகாமல் வந்துவிட்டால், அந்த மாதம் இல்லை என்று அர்த்தம். அப்போது நான் கட்டிலுக்கடியில் இருக்கும் முக்குளிக்கும் பையை இழுத்து வெளியே வைப்பேன். அவர் வேலையிலிருந்து வந்து பையைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். படகுக்கு ஃபோன் போடுவார். அடுத்த வாரம் தலைக்குக் குளித்த பிறகு தியோமான். படிவத்தில் கேள்வியின் முதல் பாதிக்கு இல்லை என்பது சத்தியம், இரண்டாவது பாதிக்கு அது பொய். ஒரே டிக்கில் உண்மையும் பொய்யும் சேர்ந்து இருக்கும். என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். முக்குளிக்கிறவர்கள் ஒவ்வொரு இறக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், என்ன பார்த்தோம். ஆமை பார்த்தோம், திருக்கை பார்த்தோம் என்று அவர் அழகாக எழுதுவார். அந்த நோட்டைப் புரட்டினால் எனக்கு ஆமை தெரியாது. பிள்ளை வராத மாதங்கள் தேதியோடு தெரியும்.

படகுக் கடையில் எங்களை இறக்குகிற கென்னி என்ற மலேசியச் சீனருக்கு எங்களைப் பார்த்தால் பொறாமை. அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். "யூ டூ வெரி ஸ்மார்ட் லா. நோ கிட்ஸ், எனிவேர் ஆல்ஸோ கேன் கோ" என்று என் முதுகில் உருளையை மாட்டிக்கொண்டே சொல்வார். சிங்கப்பூர் ரயில் நிலையங்களில் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே சுவரொட்டி ஒட்டி நாட்டு மக்களைக் கெஞ்சிக்கொண்டிருந்த காலம். சம்பாதித்து ஊர் சுற்றுவதற்காகப் பிள்ளை வேண்டாம் என்று இருக்கிற ஜோடி என்று கென்னி எங்களை முடிவு கட்டியிருந்தார். நான் சிரித்துக்கொண்டே ஆமாம் போட்டேன். பரிதாபப்படுகிறவர்களை விடப் பொறாமைப்படுகிறவர்களோடு படகில் போவது சுலபம்.

ஊரில் இதற்கு நேர்மாறாகப் புரிந்துகொண்டார்கள். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பலசரக்குக் கடையில் வந்து உட்காருவார். கிராமத்தில் அப்போது அந்தக் கடை அண்ணாச்சியிடம்தான் ஃபோன் இருந்தது. சிங்கப்பூருக்கு எட்ட வேண்டும் என்று அத்தை கத்திப் பேசுவார். உப்பு, புளி வாங்க வந்தவர்களெல்லாம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் குடும்பச் சங்கதி எதுவானாலும் கால் கிலோ துவரம்பருப்போடு ஊர் முழுக்கப் போய்விடும். அப்படியொரு நாள் அத்தை புதுச் செய்தி வைத்திருந்தார். உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கேட்டாராம். வாரிசில்லாமல் கிணற்றில் விழுந்து செத்த ஒரு பெரியப்பாவின் குறை இருக்கிறதாம். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து இருபத்தொரு தடவை கடலாட வேண்டும், மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கோடாங்கி வாக்கு. இதற்காக எப்போது திருச்செந்தூருக்கு வருவீர்கள் என்று அத்தை கேட்க, இவர் விளையாட்டாக, நாங்கள்தான் மாசாமாசம் கடலுக்குப் போகிறோமே என்று சொல்லிவிட்டார்.

"ஏலே, ரெண்டு பேரும் சேந்தா? தலை முங்குதீங்களா?"

"தலை மட்டுமாம்மா. ஆளே முழுசா முங்குதோம்."

அத்தைக்கு அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை. அன்றைக்கே ஒரு பித்தளைச் செம்பை விளக்கி, ஆட்டுக்குப் போடுகிற பருத்திக்கொட்டையில் ஒன்றை எடுத்து உள்ளே போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் முதல் கேள்வி அதுதான். இந்த மாசம் முங்கியாச்சா? முங்கியாச்சு என்றால் செம்பில் ஒரு கொட்டை. அத்தை நெருங்கிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்படுகிற ஒவ்வொரு கொட்டையும் எனக்கு இல்லாமல் போன ஒரு மாதம். பிறகு இதைத் திருத்த வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. மறு வருடம் லீவில் போனபோது ஒரு வளைகாப்புக்கு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையில்லாதவள் என்று போன தடவை இதே ஊரில் என்னைச் சந்தனம் பூச விடாமல் பின்வரிசையில் உட்கார வைத்தவர்கள், இந்தத் தடவை முன்னால் கூப்பிட்டார்கள். கடலாடி நேர்ச்சையில் இருக்கிறவளைக் குறை சொல்லக் கூடாதாம், நேர்ச்சை முடிகிறவரை அவளை நல்ல காரியத்தில் ஒதுக்கக் கூடாதாம். நான் சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்குக் கோடாங்கி மேல் துளி நம்பிக்கை கிடையாது. அந்தப் பொய் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து இரண்டு செப்டம்பரில் செம்பில் இருபது கொட்டைகள் சேர்ந்திருந்தன. அக்டோபரில் எனக்கு நான்கு நாள் தள்ளிப்போனது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை ஒன்பது நாள் தள்ளிப்போய், அவரிடம் சொல்லி, அவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, பத்தாம் நாள் அந்தப் பழத்தை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்துத் தின்றிருக்கிறோம். அதன் பிறகு பத்து நாள் ஆகாமல் வாய் திறப்பதில்லை என்று வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை மகனிடம் பேசிவிட்டு, என்னைக் கூப்பிடச் சொன்னார். குரல் இளைத்திருந்தது. நடுநடுவே இருமல்.

"தாயி, ஒண்ணுதான் பாக்கி. தை பொறந்தா மூணு வருசம் ஆயிரும். அங்கன கடல மூடிருவாங்கன்னு இவன் சொல்லுதான். அதுக்கு முந்தி முடிச்சிருங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

வடகிழக்குக் காற்று தொடங்கினால் நவம்பரிலிருந்து தீவுக்குப் படகு கிடையாது. அது உண்மைதான். ஆனால் நான் ஃபோனை வைத்துவிட்டு நின்றபோது நினைத்தது படகைப் பற்றியல்ல. நான்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி, ஒருவேளை அந்த ஒன்றுக்காகத்தான் இது காத்துக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். ஒரு பேச்சுக்குக்கூட நம்பாத நான் அன்றைக்கு ஒருநாள் நம்பினேன். வயிற்றில் இருப்பது நிலைக்க வேண்டும் என்பதற்காகவே போய் முங்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது எழுதும்போது கிறுக்குத்தனமாகத் தெரிகிறது. அன்றைக்கு அதுதான் அறிவாகப் பட்டது. திங்கட்கிழமை காலையில் பையை இழுத்து வெளியே வைத்தேன். அவர் வந்து பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. என் தலையில் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டு ஃபோன் போடப் போனார். பை வெளியே இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவரை நான் ஏமாற்றினேன்.

சனிக்கிழமை கென்னி படிவத்தை நீட்டி, "சேம் சேம் லா, ஆல் நோ" என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டேன். பதினெட்டு மீட்டர், நாற்பத்தொரு நிமிடம். கீழே மணல் உழுது போட்ட கரிசல் மாதிரி வரிவரியாகக் கிடந்தது. தண்ணீருக்கடியில் பேச முடியாது என்பதால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டிச் சரியா என்று கேட்க வேண்டும். அதே மாதிரி காட்டிச் சரி என்று பதில் சொல்ல வேண்டும். அவர் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பித் திரும்பிக் கேட்டார். என் முகம் சரியில்லை என்று நினைத்திருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் சரி என்று வளையம் காட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முங்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் கடற்கரை. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்கியிருந்தால் அத்தையின் கணக்குக்கு அது போதும். திருச்செந்தூரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இருபது தடவை பை, படகு, படிவம் என்று போய்ப் போய், கடலாடுவது என்றால் இதுதான் என்று எனக்கும் ஆகிவிட்டிருந்தது. கரையில் முங்கலாம் என்பது அன்றைக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் தோன்றியது.

ஒரு வாரம் கழித்துச் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்தது. அவருக்குச் சந்தோஷத்தில் கணக்கு ஓடவில்லை. எனக்கு ஓடியது, ஆனால் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் ஆகட்டும், ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, அடுத்த ஞாயிறே அவர் அத்தையிடம் சொல்லிவிட்டார். மறுமுனையில் அத்தை எங்களோடு பேசாமல் கடையிலிருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னது கேட்டது. "அண்ணாச்சி, எம் மருமவ முழுகாம இருக்கா." கடம்பூர் போளி வாங்கி வீடு வீடாகக் கொடுத்தாராம். இருபத்தொன்று முடிந்த மாதமே பலித்துவிட்டது என்று கோடாங்கிக்கும் கூட்டம் கூடியதாம். ஒன்பதாவது வாரம், ஒரு புதன்கிழமை மதியம், அலுவலகக் கழிப்பறையில் எனக்கு எல்லாம் முடிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையானவர். முதல் மூன்று மாதத்தில் இப்படிப் போவது எத்தனையோ பேருக்கு நடப்பது, நீங்கள் செய்த எதனாலும் இருக்காது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். நாள் தள்ளிப்போனது தெரிந்தே முக்குளித்ததைச் சொன்னேன். எத்தனை மீட்டர், எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொண்டவர் பேனாவை வைத்துவிட்டு, அதனால்தான் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களை வைத்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். என் வாழ்க்கையில் எனக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு கட்டத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னது பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் காதிலும் விழுந்தது. டாக்சி வீட்டு வாசலில் வந்து நின்றது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

அவ்வளவுதான். அவர் கத்தவில்லை, அதன் பிறகு இன்று வரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தார், என் துணிகளைத் துவைத்துக் கழியில் கோத்துக் காயப்போட்டார். ஆனாலும் அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் அன்பு குறைந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். சிரிப்பு குறைந்துவிட்டது. பையைக் கட்டிலுக்கடியில் உள்ளே தள்ளிவிட்டேன், அதற்குப் பிறகு தியோமான் போகவில்லை.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டோம். கலைந்துவிட்டது என்பதை அவர் சொன்னார். கடலைப் பற்றிச் சொல்லவில்லை. கடை முழுக்க ஆள் நிற்கும்போது எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் அத்தை கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். இருபத்தொன்று முடித்தும் நிற்கவில்லையே, அவளிடம்தான் ஏதோ இருக்கிறது என்று ஊர் பேசத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடையில் வைத்து, அத்தனை பேர் கேட்க, அத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். "தாயி, தப்பு எம்மேல. எண்ணுனது நான்தான? ஏதோ ஒரு மாசத்துக்கு ரெண்டு கொட்டை போட்டுட்டேன். இருவதுதான் ஆயிருக்கு. ஒண்ண எடுத்து வச்சிட்டேன்."

கல்யாணமாகிப் போன முதல் வாரம் ஒருநாள் பொழுதடையும் நேரம் நினைவுக்கு வந்தது. மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பி முண்டியடித்துக்கொண்டு பட்டிக்குள் நுழைகின்றன. படலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அத்தையின் உதடு மட்டும் அசைகிறது. அறுபதுக்கும் மேலே இருக்கும், தூசியில் எனக்கு எது ஆடு எது மண் என்றே தெரியவில்லை. கடைசி ஆடும் நுழைந்ததும் அத்தை ஒன்று குறைகிறது என்றார், எந்த ஆடு என்றும் சொன்னார், நெற்றியில் வெள்ளை உள்ளது. போய்த் தேடியபோது அது கரிசல் வெடிப்பில் கால் சிக்கிக் கத்திக்கொண்டு கிடந்தது. அந்த அத்தைக்கு இருபத்தொரு பருத்திக்கொட்டையை எண்ணத் தெரியவில்லையாம். மூன்று வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தவளுக்கு அன்றைக்குத்தான் சத்தம் போட்டு அழ வந்தது.

மறு வருடம் சித்திரையில் ஊருக்குப் போனோம். கோடாங்கியிடம் போய் எண்ணிக்கை பிசகியது தன் குற்றம் என்று சொல்லி அதற்கு ஒரு பரிகாரமும் செய்து, தவணையும் வாங்கி வைத்திருந்தார் அத்தை. இந்த ஒன்றைத் தன் கண்முன்னால் முடிக்க வேண்டும் என்று எங்களைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து முந்தானை நுனியில் எதையோ முடிந்து வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கோவில்பட்டியில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். தூத்துக்குடி தாண்டும்போது அது தளர்ந்துவிட்டது. சொன்னால் என் பாரம் இறங்கும், நிச்சயம். ஆனால் போய் முடித்துவிடுங்கள் என்று சொன்னவர் அத்தை. நான் சொல்கிற அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய கடல், அவர் சொல்லி நான் இறங்கிய கடல் என்று ஆகிவிடும். செய்யாத தப்பை ஊர் முன்னால் தன் தலையில் போட்டுக்கொண்டவருக்கு, செய்த தப்பாகவே ஒன்றைக் கொடுத்தால் எப்படித் தாங்குவார்?

கடற்கரையில் நல்ல கூட்டம். அத்தை இத்தனை வயதுக்கும் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. அன்றைக்கு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை வந்துவிட்டார். பயத்தில் விரல்கள் இறுகின. முங்குங்கள் என்றார். என் வீட்டுக்காரரும் நானும் ஒன்றாக முங்கினோம். கலங்கிய தண்ணீர், கண்ணைத் திறந்தால் மணல்தான். அவர் எழுந்துவிட்டது தெரிந்தது. நான் எழவில்லை. மூச்சைப் பிடிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு நிமிடம் பெரிதல்ல. இடது கை மட்டும் தண்ணீருக்கு மேலே அத்தையின் கைக்குள் இருந்தது. நான் வாயைத் திறந்து, தண்ணீருக்குள்ளேயே சொன்னேன். அத்தை, அது வயித்துல இருக்கும்போதே நான் கடல்ல இறங்கிட்டேன். தெரிஞ்சேதான் இறங்கினேன். சத்தமெல்லாம் குமிழியாகப் போனது. சொல்லி முடித்துவிட்டு எழுந்தேன்.

அத்தை பயந்துபோயிருந்தார். இரண்டு கையாலும் என் முகத்தைத் துடைத்தார். "இம்புட்டு நேரம் உள்ள என்ன செஞ்ச? கையெல்லாம் அதிர்ந்துச்சே. வேண்டிக்கிட்டியா?"

"ஆமா அத்தை."

என்ன வேண்டினாய் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, ஒரு பருத்திக்கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். செம்பிலிருந்து அவர் எடுத்து வைத்த இருபத்தொன்றாவது கொட்டை. "நான் எண்ணுனது போதும் தாயி. இத வீட்டுல போயி நீயே போடு." அவர் என் முகத்தில் என்ன படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனோம். செம்பு பரணில் இருந்தது. நான் ஏறி எடுத்துத் தூசி தட்டி, உள்ளே இருந்த இருபதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, திரும்ப மேலேயே வைத்துவிட்டேன். கையிலிருந்ததைப் போடவில்லை. நேர்ச்சை முடியாதவரை அது பலிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வளைகாப்பில் என்னைப் பின்வரிசைக்கு அனுப்ப முடியாது, எண்ணத் தெரியாமல் நேர்ச்சையைக் கெடுத்தவள் என்று அத்தையைக் கேலி செய்யவும் முடியாது. அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போய்விட்டேன். பிள்ளை இல்லை. இனி இருக்கும் என்று நானும் அவரும் சொல்லிக்கொள்வதில்லை. இப்போது அத்தை வீட்டுக்கே ஃபோன் வந்துவிட்டது, கத்த வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது, "அத போட்டுட்டியா தாயி?" என்று மெல்லக் கேட்பார். அடுத்த தடவை வரும்போது போடுகிறேன் அத்தை என்பேன். "அவசரம் இல்ல, மெல்லப் போடு" என்று அவரும் வைத்துவிடுவார். பரண் அவர் வீட்டுப் பரண், செம்பு அவர் செம்பு. நான் போட்டேனா இல்லையா என்று ஆட்டை எண்ணுகிற அவருக்குத் தெரியாதா? இருபது அங்கே கரிசலில் இருக்கின்றன. ஒன்று இங்கே பதினோராவது மாடியில், முக்குளிக்கும்போது மாட்டுகிற கண்ணாடியின் பெட்டிக்குள் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை உடுப்புகளை அலசிக் கழியில் கோத்த பிறகு அதையும் எடுத்துச் சன்னல் விளிம்பில் கொஞ்ச நேரம் வெயில்பட வைக்கிறேன்.